கணக்கில் சேராத மூன்று நாள்

என் தொழில் தேடுவது. எதை என்று கேட்டால், இருந்தே ஆகவேண்டும் என்று எல்லோரும் நம்புகிற, இதுவரை ஒருவர் கையிலும் சிக்காத ஒன்றை. முப்பது வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை வருஷத்துக்கு வருஷம் இன்னும் துல்லியமாகச் சொல்லிச் சொல்லியே பேராசிரியராகவும் ஆகிவிட்டேன். வேறு எந்தத் தொழிலிலும் இந்தச் சலுகை கிடையாது. ஒரு பிளம்பர் இப்படிச் செய்ய முடியாது.

சொந்த ஊர் கருமத்தம்பட்டிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி காத்திருக்கும். எனக்கு நாற்பது ஆகும்வரை அது, "மாப்பிள்ளை கெடைச்சுதுங்களா?" நாற்பது தாண்டியதும் ஊர் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி ஒரே சமயத்தில் அதை நிறுத்திவிட்டு, "அந்த இருட்டு கெடைச்சுதுங்களா?" என்று ஆரம்பித்தார்கள். அதே முகம், அதே அனுதாபம். நானும் பதிலை மாற்றவில்லை. "பாத்துட்டிருக்கோமுங்க."

அந்த இருட்டுக்குப் புத்தகத்தில் கரும்பொருள் என்று பேர். கருப்பாக இருக்கும் என்று அர்த்தமில்லை, கண்ணுக்கே தெரியாது. ஆனால் நட்சத்திரக் கூட்டங்களையெல்லாம் சிதறிப்போகாமல் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்புகிறோம். எனக்கு இதில் ஆர்வம் வந்த கதையை மாணவர்களிடம் சொல்லும்போது, சின்ன வயதில் நட்சத்திரங்களைப் பார்த்து வியந்தேன் என்று ஆரம்பிப்பேன். பொய். எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வீட்டை ஒட்டியே தறிக் குடோன், அதில் பதினாறு விசைத்தறி. அதிகாலையிலிருந்து ஓடும். பாலைக் காய்ச்சுவது, சண்டை போடுவது, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலேதான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்குச் சத்தம் என்று ஒன்று இருப்பதே மின்சாரம் போகும்போதுதான் தெரியும். திடீரென்று எல்லாம் நின்று, வீடே மொட்டையாகப் போய்விடும். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

பதினாறில் ஒன்று தாளம் தப்பினால் சோற்றில் கை வைத்தபடியே, "ஒம்பதாவது" என்பேன். அண்ணன் போய்ப் பார்த்தால் ஒன்பதாவதில் ஏதாவது கழன்றிருக்கும். அதுதான் என் விஞ்ஞானப் பயிற்சி. மற்றபடி என்னிடம் விசேஷமாக ஒன்றுமில்லை.

அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டுத் தறிக்கு வந்துவிட்டான். கோயமுத்தூரில் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது அப்பா, "தறி ஓட்டறதுக்கு இயற்பியல் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. அண்ணன்தான், "படிக்கட்டும் உடுங்க, இவ இங்க இருந்து மட்டும் என்ன பண்ணப் போறா? தார்க்குச்சில நூல் சுத்தச் சொன்னா அதை எண்ணிட்டு உக்காந்திருப்பா," என்று சொல்லி என்னைக் காப்பாற்றினான். தினம் காலையில் மொபெட்டில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவான். பஸ் நகரும்வரை நிற்பான். கையெல்லாம் ஆட்ட மாட்டான், பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டு நிற்பான்.

மூன்றாவது வருஷம் எங்கேயோ இருந்து வந்த ஒருவர் கல்லூரியில் ஒரு படம் காட்டினார். நட்சத்திரக் கூட்டத்தின் நடுவிலிருந்து விலகிப் போகப் போக நட்சத்திரங்களின் வேகம் குறைய வேண்டும், கோடு சரிந்து கீழே இறங்க வேண்டும். அந்தக் கோடு இறங்கவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் இறங்காத ஒன்றை, என்னைத் தவிர, அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அந்தக் கோட்டைப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் மேல்படிப்பு, அதற்கு மேல் படிப்பு, கடைசியில் வெளிநாட்டில் மூடிப்போன ஒரு சுரங்கம்.

சுரங்கம் எதற்கென்றால், வானத்திலிருந்து சதா என்னென்னவோ துகள்கள் மழை மாதிரிக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் கருவிக்கு அந்த மழை ஆகாது. அதனால் ஏகப்பட்ட பாறைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வோம். கைப்பிடி அளவுக்கு ஒரு படிகம். அதைக் கற்பனைக்கெட்டாத குளிரில் வைத்திருப்போம். எப்போதாவது ஒரு கரும்பொருள் துகள் வந்து அதைத் தட்டும், அந்தத் தட்டு எங்களுக்குக் கேட்கும் என்று திட்டம். பிரபஞ்சத்தைப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வானமே தெரியாத ஒரு பொந்தில் உட்கார்ந்து, யாராவது கதவைத் தட்டுவார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நாலு வயது. மேலே ஏறி வந்தாலும் என்னைத் தேடி யாரும் வருவதில்லை என்பதால் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணனுக்குக் கல்யாணம் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தின நாள், மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை மணப்பெண் மாதிரியே அலங்கரித்து அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை இவளிடம். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவளை விடமாட்டேன் என்று ஊர் முன்னால் அவன் ஒத்துக்கொள்கிற மாதிரி. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டிலிருந்து தங்கை முறைக்கு ஒருத்தியை நிறுத்துவார்கள். அண்ணனுக்கு நான் ஒருத்தி இருந்தேன். எனவே பிரச்சினை இருக்கவில்லை, நான் ஒன்றை உண்டாக்கும்வரை.

நான் போகவில்லை. கருவி ஓட்டத்தில் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று போனில் சொன்னேன். அண்ணன், "செரி அம்மிணி. வேலைதான முக்கியம். நீ பாரு," என்றான். அரை நிமிஷம்கூட இருக்காது.

உண்மை என்னவென்றால், கருவி தானாகவே ஓடும். ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும். என் பேராசிரியர், "போய்விட்டு வா, உன் அண்ணனுக்கு ஒரே ஒரு கல்யாணம்தானே நடக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார். நான்தான் மிக முக்கியமான ஓட்டம் என்று அவருக்கே விளக்கினேன். அந்தக் கருவியைக் கட்டியவர் அவர். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எனக்குப் பயம், அவ்வளவுதான். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மணப்பெண் மாதிரி நூறு பேர் முன்னால் நிறுத்தினார்கள் என்றால், பூவைக் கழற்றுவதற்குள் எனக்கு ஒரு மாப்பிள்ளையை நிச்சயம் செய்துவிடுவார்கள். அப்பா அதற்குத்தான் காத்திருந்தார். வந்தால் திரும்பிப் போக முடியாது என்று தோன்றியது. ஆகவே சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டேன்.

கல்யாணச் சடங்கு மூன்று நாள். முதல் நாள் காலையில், கருவிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியேற்றுகிற பம்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சடக், சடக், ஒரு சின்ன இழுப்பு, மறுபடி சடக். பேரிங். தறிக்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. நான் செய்ய வேண்டியது பம்பை நிறுத்தி, மேலே தகவல் சொல்லி, மாற்று பம்பைப் பொருத்துவது. ஒரு மணி நேர வேலை.

நான் நாற்காலியை இழுத்து அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று நாளும் அங்கேதான். பந்தல் போட்டிருப்பார்கள், இப்போது ஒறம்பரை, வெளியூர் விருந்தாளிகள், வந்து இறங்கியிருப்பார்கள், இப்போது இணைச்சீர் என்று நினைத்துக்கொண்டு, பம்பில் சாய்ந்து ரொட்டி தின்றேன். பாறைக்கு அடியில், எனக்கு மட்டும், ஒரே ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த மனசு வரவில்லை.

நாலாவது நாள் பம்பு தானே நின்றது. ஒரு மாதம் கழித்துத் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த மூன்று நாளில் மட்டும் படிகம் நூற்றுக்கணக்கான தட்டுகளைப் பதிவு செய்திருந்தது. எல்லாம் பேரிங் தட்டியது. இந்த மாதிரித் தரவை எங்கள் தொழிலில் யோசிக்காமல் வெட்டிவிடுவோம். வெட்டினார்கள். "சத்தம் எதுவும் கேட்கவில்லையா?" என்று பேராசிரியர் கேட்டார். கேட்கவில்லை என்றேன். ஆக, போகாத கல்யாணத்துக்கு நான் காட்டிய ஒரே காரணம், அந்த மூன்று நாள், ஆராய்ச்சியின் கணக்கிலேயே சேரவில்லை.

இணைச்சீருக்கு அவிநாசியில் கட்டிக்கொடுத்திருந்த சித்தப்பா மகள் நின்றாள். எனக்கு ஒரு வயது இளையவள். அன்று முதல் எங்கள் வீட்டுப் பொறந்தவள் அவள்தான். பொங்கலுக்குச் சேலை அவளுக்கு, விசேஷம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. நானே ஆளை அனுப்பி என் இடத்தில் உட்கார வைத்த மாதிரிதான், குறை சொல்ல வழியில்லை. அவளும் மறைக்கிற ரகம் இல்லை. "அக்கா, நீங்க இன்னொரு நாலு கல்யாணத்துக்கு வராம இருங்க, எனக்குப் பீரோ பத்தல, இன்னொண்ணு வாங்கிக்கறேன்," என்பாள்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். திட்டவில்லை, கேட்கவில்லை. பிற்பாடு நான் இந்தியாவுக்கே திரும்பி, வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, வருஷத்துக்கொரு முறை ஊருக்கு வர ஆரம்பித்தபோது, எனக்கு ஒரு நாற்காலி போட்டான். எங்கள் ஊரில் அது என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒறம்பரையாக வந்தவர்களை வேலை செய்ய விடமாட்டார்கள். நாற்காலி, ஃபேன், காபி. சொந்த மனுஷி என்றால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கையில் ஒரு முறத்தைக் கொடுத்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் என் கையில் யாரும் எதையும் கொடுக்கவில்லை, காபியைத் தவிர.

அவன் மனதுக்குள் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பார்த்ததில்லை. அது இல்லாவிட்டால் அவன் இப்படி நடந்துகொள்வது பொருந்தாது, ஆகவே இருக்கிறது. என் தொழில்புத்தி.

வடக்கே குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது, சத்தம் போடும். சரிசெய்ய வந்தவர், "கம்ப்ரஸர் மாத்தினா சத்தமே இருக்காது, மேடம்," என்றார். வேண்டாம் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு ஃப்ரிட்ஜுக்கு, "செரி, நீ ஓட்டு," என்று சொன்னதாக ஞாபகம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யாரும் இருந்தால் ஃப்ரிட்ஜிடம் பேச வேண்டியிருக்காது.

இந்த வருஷம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். லீவு போட்டு, நாலு நாள் முன்னதாகவே போனேன். இந்த முறை ஒரு தீர்மானம் வைத்திருந்தேன்: எப்படியாவது ஒரு வேலையைப் பிடுங்கிச் செய்துவிடுவது. அந்த வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு பரிசோதனை தெரியவில்லை.

வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அண்ணி கத்தியை வாங்கிக்கொண்டு, "ஐயோ, நீங்க எதுக்குங்க, கண்ணு எரியும், போயி உக்காருங்க," என்றாள். வெற்றிலை துடைக்கப் போனேன். துடைத்துக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்கள். பூக்கட்டும் இடத்தில் என்னைப் பார்த்ததுமே ஒருத்தி, "ஏனுங், அத்தைக்கு ஒரு சேர் போடுங்க," என்று குரல் கொடுத்தாள். நாற்காலி வந்தது. அதில் ஒரு மெத்தை வேறு வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் ஐந்து காபி குடித்திருந்தேன்.

இணைச்சீர் அன்றைக்குக் காலையில் பெண் வீட்டிலிருந்து சம்பந்தி வந்தார். சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு தயாரிக்கிற ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவர். எனக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. மெத்தை இல்லாதது. என் தகுதி எனக்குப் புரிந்தது.

"ஏனுங்க, நீங்கதான் மாப்பிள்ளைக்கு அத்தைங்களா? விஞ்ஞானின்னாங்க. என்ன லைனுங்க?"

"பிரபஞ்சத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்குதுங்க. அதைத் தேடறோம்."

"நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்களா, இல்ல யாரு கண்ணுக்குமே தெரியாதுங்களா?"

"யாரு கண்ணுக்கும்."

சற்று யோசித்தார். "அப்ப இருக்குதுன்னு எப்புடிங்க தெரியும்?"

சர்வதேசக் கருத்தரங்குகளில் இவ்வளவு நேரடியாக யாரும் கேட்டதில்லை. அவிநாசித் தேருக்குப் போடுகிற ராட்டினத்தைச் சொன்னேன். "அது சுத்தற வேகத்துக்கு ஓரத்துல உக்காந்திருக்கறவன் பிச்சுட்டுப் போயிரோணுமுங்க. போகாம நிக்கறான். அப்ப ஏதோ ஒரு சங்கிலி புடிச்சிருக்குதுன்னுதானுங்க அர்த்தம்? எங்களுக்குச் சங்கிலி தெரியல, அவ்வளவுதான்."

"அது செரி," என்றார். "கெடைச்சா யாருக்குங்க சப்ளை?"

"யாருக்கும் இல்லீங்க."

"ஓ, ஆராய்ச்சி," என்றார், 'ஓ, சர்க்கரை வியாதி' என்பது போல.

அந்தப் பக்கம் வந்த அண்ணன் நின்றுவிட்டான். "அப்புடிச் சொல்லாதீங்க சம்பந்தி. என்ற கல்யாணத்துக்கே இவ வரல, தெரியுமுங்களா? ஏன்னு கேளுங்க. அந்த மூணு நாளு அங்க மெசினு ஓடிட்டிருந்துதுங்க. உலகத்துலயே அதாட்டம் மெசினு அது ஒண்ணுதான். இவ எந்திரிச்சு வந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். அந்த மூணு நாள்ல கெடச்சதை வெச்சுத்தான் இன்னைக்கு அத்தனை பேரும் ஆராய்ச்சியே பண்றாங்க."

"அப்புடிங்களா! என்னங்க கெடச்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க," என்றான். சம்பந்தி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடிப்போயிற்று. எனக்கு இன்னொரு காபி வந்தது.

அண்ணன் அதைச் சொன்ன விதத்தை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கும் தடுக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் என்னைக் கை காட்ட வேண்டும் என்றெல்லாம் பழகியிருந்தது. இது இன்றைக்கு நெய்த கதை இல்லை. அவன் கல்யாணத்தன்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், "தங்கச்சி வரலீங்களா?" என்று. அதற்கப்புறம் ஒவ்வொரு காதுகுத்துக்கும், ஒவ்வொரு கிடாவெட்டுக்கும். ஒவ்வொருத்தருக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக என் பொய்யை அவன் கஷ்டப்பட்டு வளர்த்து ஆளாக்கியிருக்கிறான். அது இப்போது என்னைவிடப் பெரிய விஞ்ஞானி.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கதையின் மேல்தான் என் நாற்காலியே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால், அண்ணன் கல்யாணத்துக்கு வராத தங்கச்சி என்பது மட்டும்தான் மிஞ்சும். மெத்தையோடு மீதி வருஷங்களையும் ஓட்டிவிடலாம்.

அண்ணன் குடோனுக்குள் போவதைப் பார்த்தேன். எழுந்து பின்னால் போனேன்.

கல்யாணத்துக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். பதினாறும் சும்மா நின்றன. அண்ணன் ஒரு துணியை வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். வீடு நிறைய ஆள் இருக்கும்போது அவனுக்கு ஒதுங்க இடம் அதுதான் போல.

"இங்க எதுக்கு அம்மிணி வந்த? புழுதி. போயி உக்காரு."

"அண்ணா, அந்த மூணு நாள்ல ஒண்ணுமே கெடைக்கலீங்ணா."

திரும்பவில்லை. "கெடைக்கலைன்னா என்ன? அடுத்தாப்புல கெடைச்சிருக்கும்."

"அதில்லீங்ணா. அந்த மூணு நாளை அப்புடியே வெட்டித் தூர எறிஞ்சுட்டோம். கணக்குலயே சேக்கல."

"ஏன்?"

"பம்பு பேரிங் போயிருச்சு."

இப்போது திரும்பினான். "போறதுக்கு முந்தி சத்தம் குடுத்திருக்குமே?"

"குடுத்துச்சு."

"யாரும் கேக்கலயா?"

"நான் கேட்டேன்."

"கேட்டுட்டு?"

வெளியே பந்தலில் யாரோ மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ," என்றார்கள். "நம்ம தறியாட்டம் இருந்துச்சுங்ணா. நிறுத்த மனசு வரல. பக்கத்துலயே சேரைப் போட்டு உக்காந்துட்டேன். மூணு நாளும்."

அண்ணன் துணியைத் தறி மேல் வைத்தான்.

"உனக்கு அறிவிருக்குதா?"

நான் அவன் வைத்த துணியைப் பார்த்தேன்.

"தறிக்காரன் ஊட்ல பொறந்துபோட்டு, பேரிங் சத்தத்தைக் கேட்டுட்டு மூணு நாளு உக்காந்திருந்தியா? எவளாச்சும் செய்வாளா? எட்டு வயசுல ஒம்பதாவது ஒம்பதாவதுன்னு சோத்துல கைய வெச்சுட்டுச் சொல்லுவியே, அந்தக் காது எங்க போச்சு? ஷாஃப்ட் என்னாச்சு?"

"தேஞ்சுபோச்சுங்ணா."

"தேயாம? மூணு நாளு ஓட்டுனா? அது என்ன, தாலாட்டுன்னு நெனச்சியா? படிச்ச பொம்பளையா நீ?"

திட்டினான். நன்றாக, கையை ஆட்டி, முகம் சிவக்க, சுமார் ஐந்து நிமிஷம். முழுக்க முழுக்க அந்தப் பம்பைப் பற்றித்தான். இருபத்தாறு வருஷமாக நான் கணக்குப் போட்டு வைத்திருந்த கோபம் இதுதானா, இல்லை வேறொன்றா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. தறிகள் ஓடாததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

பிறகு மூச்சு வாங்கினான். துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"நான் இங்க தறிய நிறுத்திப்போட்டு உக்காந்திருந்தேன்," என்றான். "சீருக்கு நேரமாச்சு, நேரமாச்சுன்னாங்க. சித்த இருங்க, சித்த இருங்கன்னு ஒரு மணி நேரம் இழுத்தேன். பஸ் ஸ்டாப்புல ஆளு நிறுத்தியிருந்தேன்."

"வர முடியாதுன்னு போன்ல சொன்னனேங்ணா."

"சொன்ன. சொன்னா?"

பத்தாவது தறிக்கு நகர்ந்தான்.

"அப்ப நீ வந்திருக்கலாம்," என்றான்.

"வந்திருக்கலாமுங்ணா. என்னைப் போகத்தான் சொன்னாங்க. நாந்தான் வரல."

ஏன் என்று கேட்பான் என்று நினைத்தேன். சொல்வதற்கு வாக்கியங்கள்கூடத் தயார் செய்தேன். அவன் கேட்கவில்லை. பத்தாவது தறியிலிருந்து பதினொன்றாவதுக்குப் போனான். நான் வெளியே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. இருந்த ஒரே நாற்காலியையும் நானே உடைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. மத்தியானம் முழுக்க அண்ணன் என் பக்கம் வரவில்லை. காபியும் வரவில்லை.

சாயங்காலம் இணைச்சீருக்கு ஆள் கூடிவிட்டது. அண்ணன் மகனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து, பட்டும் பூவுமாகத் தயாராக இருந்தாள். அவளை யாரும் பஸ் ஸ்டாப்பில் ஆள் வைத்துத் தேட வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "இவங்கதானுங்க அது. அந்த மூணு நாளு. நீங்களே கேளுங்க, சம்பந்தி சொல்லுவாரு," என்று பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன், "ஒண்ணும் கெடைக்கலீங்க," என்றான். "பேரிங் போயிருச்சு."

கூட வந்த நாலு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. சம்பந்தி மட்டும் உண்மையான வருத்தத்தோடு என் பக்கம் குனிந்து, "அடடா. என்ன சைஸுங்க?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் என் நாற்காலியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "ஏ புள்ள, என்ன மகாராணியாட்டம் உக்காந்திருக்கற? எந்திரி. ஊட்டுக்குள்ள ஜமுக்காளம் இருக்குது, எடுத்தாந்து விரி. அத்தனை பேரும் நிக்கறாங்க, கண்ணு தெரியலயா?"

எழுந்தேன். நான் நிமிர்வதற்குள் நாற்காலியை எடுத்து யாரோ ஒரு ஒறம்பரைக்குப் போட்டுவிட்டார்கள், மெத்தையோடு. ஜமுக்காளத்தை விரித்தேன். கோணலாக விரித்தேன் என்று அண்ணி சொன்னாள். திருப்பி விரித்தேன். சடங்கை நடத்துகிற பெரியவர் வந்து உட்கார்ந்து, சேலையை எடுத்து மடித்தார். அந்தப் பெண் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக இணைச்சீரைப் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறேன் என்று கூட்டத்தின் முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

"ஏ புள்ள!" என்று சமையல் பக்கமிருந்து அண்ணன் குரல். "இங்க தண்ணி தீந்து கெடக்குது, யாரும் பாக்கறதில்லையா?"

இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தபோது, பெரியவர் எழுந்துகொண்டிருந்தார். முடிந்துவிட்டது. சித்தப்பா மகள், அந்த அவிநாசிக்காரி, எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, இந்த இணைச்சீரையும் நீங்க பாக்கலயா?" என்றாள்.

"இல்ல," என்றேன். "தண்ணிக்குப் போயிருந்தேன்."